எரிவது பெட்ரோலன்று, அதன் ஆவி

தோட்டத்துப் பொருட்கூடத்தில் மண்ணெண்ணெய் டின்னும் பெட்ரோல் டின்னும் அருகருகே இருக்கும். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆனால் அவற்றின் குணம் வேறு.

எந்த எண்ணெயும் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே காற்றோடு கலந்து எரிகின்றது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை வெப்பத்தை அடைந்த பின்னரே தீப்பற்றத்தக்க அளவு ஆவியை வெளியிடும். பெட்ரோலோ சுழியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் அதனை வெளியிட வல்லது. நம் நாட்டு வெயிலில் அது எந்நேரமும் ஆயத்தமாகவே உள்ளது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும். இவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, வாய்க்கால் வழியாகச் சென்று, தொலைவிலுள்ள அடுப்பையோ சிகரெட்டையோ தேடிப் பிடிக்கும். பற்றிய தீ, வந்த வழியே டின்னுக்குத் திரும்பும். புல்வெட்டும் இயந்திரம் சூடாக இருக்கையில் பெட்ரோல் ஊற்றலாகாது என்பது இதனாலேயே.

பெட்ரோல் தீயின் மேல் ஒரு வாளித் தண்ணீரை வீசுவோர் உளர். நீரைவிட இலேசான பெட்ரோல் அதன் மேல் மிதந்து, எரிந்துகொண்டே பரவும். மணலோ நுரையோ ஆவியை மூடித் தீயை அடக்கும். டேங்கர் லாரியின் பின்புறம் ஒரு பலகையில் 3, ஒய், இ என்று எழுதியிருப்பதையும் அதன் கீழ் 1203 என்ற எண்ணையும் காணலாம். 1203 என்பது பெட்ரோலைக் குறிக்கும் அனைத்துலக எண். 3 என்பது நுரையால் அணைக்க வேண்டும் என்பது. இறுதி எழுத்து, மக்களை அப்புறப்படுத்துவதை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றது. லாரி கவிழ்ந்தால், அருகே செல்லாமல், காற்று எப்பக்கமிருந்து வீசுகின்றதோ அப்பக்கமாக நின்று அந்த எண்ணைப் படித்து 999இல் கூறினால், வரும் தீயணைப்புப் படையினர்க்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்தில் சைலீன் என்னும் எரிதிரவம் ஏற்றிய சூன் ஹோங் 3 என்ற கப்பல் வெடித்ததில் பதின்மூவர் மாண்டனர். அங்கும் ஆவியே கொன்றது.

எரிவாயுவுக்கு முறை வேறு. 2025 ஏப்ரல் முதல் நாள் புத்ரா ஹைட்ஸில் வாயுக்குழாய் எரிந்தபோது, குழாயின் அடைப்பிதழ்கள் மூடப்பட்டு வாயு தீர்ந்த பின்னரே தீ அடங்கியது. வாயு வரத்தை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத வாயு சேர்ந்து பின்னர் வெடிக்கும். நம் வீட்டுச் சிலிண்டருக்கும் இதுவே விதி: எட்ட முடிந்தால் முதலில் வால்வு, எட்ட முடியாவிடில் வெளியேறுதல்.

ரப்பர் பால் உறையாதிருக்க ஊற்றும் அமோனியாவைப் பற்றியும் கூற வேண்டும். அது எரியக்கூடியதாயினும், கண்ணையும் மூச்சையும் தாக்குவதே முதல் ஆபத்து. அது நீரில் எளிதில் கரைவதால் ஆவியின் மீது நீரைத் தூவலாகத் தெளித்தால் அடங்கும். பாலை உறையச் செய்யும் ஃபார்மிக் அமிலத்தை அதனருகே வைத்தல் கூடாது. செறிந்த நிலையில் இரண்டும் கலந்தால் கடுஞ்சூடு பிறக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவியபடி இருந்துவிட்டே டிரெசரிடம் செல்ல வேண்டும். அவசரத்தில் இதனைத்தான் பலரும் மாற்றிச் செய்கின்றனர்.

நம் கெலுகோரில், மிண்டன் குன்றிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் 1994ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. மருத்துவர்களும் பொதுமக்களும் அங்கே ஆலோசனை கேட்கலாம். கேட்பவர்க்குப் பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஆதலின் டின்னில் ஒட்டிய தாளைக் கிழிக்காதீர்கள். மருந்தையும் எண்ணெயையும் குளிர்பானப் புட்டியில் ஊற்றியும் வைக்காதீர்கள்.