வேலியும் விதியும் – 14: வீம்புக்கு 40 அடி

மாசசூசெட்ஸ் ஊர்களில் வேலித் தகராறு தீர்ப்பதற்கென்றே நியமிக்கப்படும் வேலிப் பார்வையாளர்களைப் போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கலிபோர்னியா: வீட்டைச் சுற்றி வேலி போட யாரிடம், எப்போது அனுமதி வாங்க வேண்டும்?

பாடத்தை முதலில் ஒப்பித்துவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் மனையின் முன்பக்கம் 3 அடி, பக்கவாட்டிலும் பின்னாலும் 6 அடி. அதுவரை கட்டட அனுமதி வேண்டாம். மேலே போனால் நகரத்தின் கட்டட ஆய்வுத் துறையில் விண்ணப்பம் போட வேண்டும். மாநிலக் கட்டட விதி 7 அடி வரை விலக்கு கொடுத்தாலும் ஊர்கள் தங்கள் இஷ்டத்துக்கு அதை இறுக்கிக்கொள்ளலாம். அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் மச்சான் சொன்ன உயரத்தை நம்பி மரம் வாங்கிவிடக் கூடாது.

முன்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? வீட்டிலிருந்து காரைப் பின்னால் எடுப்பவருக்கு நடைபாதையில் சைக்கிள் ஓட்டி வரும் குழந்தை தெரிய வேண்டும். குழந்தையின் தலை 3 அடிக்கு மேலே தெரியும். 6 அடிப் பலகைக்குப் பின்னால் தெரியாது. தெருமுனை மனைகளில் பல ஊர்கள் இன்னும் கறாராக இருப்பதும் இதே பார்வைக் கணக்கினால்தான்.

அடுத்து விண்ணப்பப் படிவம், மனை வரைபடம், கட்டணம் என்று வரிசையாகப் போயிருக்க வேண்டும். போகிற வழியில் மாநிலத்தின் சிவில் சட்டத்தில் 841.4 என்றொரு பிரிவு காலைத் தட்டிவிட்டது. 10 அடிக்கு மேல் தேவையில்லாத உயரத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுக்க வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு எழுப்பிய வேலி, சட்டப்படி ஒரு தொந்தரவு. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம். உயரத்தை அளக்க டேப் இருக்கிறது. கெட்ட எண்ணத்தை எதைக் கொண்டு அளப்பது? அதைச் சட்டத்தில் எழுதிவைக்கும் அளவுக்கு இவர்களை நோகடித்த வேலி எது?

சான் பிரான்சிஸ்கோவில் நாப் ஹில் என்ற மேட்டில் நின்ற வேலி. அதைக் கட்டியவர் சார்லஸ் கிராக்கர், சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனியின் நான்கு பெரும்புள்ளிகளில் ஒருவர். 1869-இல் முடிந்த கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதிக்கு ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கியவர். 1870-களில் மேட்டின் மேல் மாளிகை கட்ட வந்தபோது, நான்கு தெருக்களுக்கு நடுவே கிடந்த முழு மனைத் தொகுதியும் தனக்கே வேண்டும் என்று ஒவ்வொரு வீடாக வாங்கினார். ஒருவர் மட்டும் மசியவில்லை. நிக்கோலஸ் யுங், ஜெர்மனியிலிருந்து வந்தவர், இறுதிச் சடங்குகள் நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். இவர் கேட்ட விலை எவ்வளவு, அவர் தர ஒப்பிய விலை எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பேரம் முறிந்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

கிராக்கர் யுங்கின் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும், தன் மனைக்குள்ளேயே, 40 அடி உயரத்துக்கு மரவேலி எழுப்பினார். ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் யுங்குக்கு மிச்சம். வெயில் போயிற்று, மேட்டுக்குக் குடிவந்ததே எதற்காகவோ அந்தக் காட்சியும் போயிற்று. தன் நிலத்தில் தான் கட்டினார். கேட்பதற்குச் சட்டம் இல்லை. பதிலுக்கு யுங், மண்டையோடு வரைந்த சவப்பெட்டி ஒன்றைத் தன் கூரைமேல் கிராக்கர் வீட்டைப் பார்த்து வைத்தார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, தொழிலுக்குப் பொருத்தமான பதில்.

1877 அக்டோபரில் டெனிஸ் கியர்னி என்ற தொழிற்கட்சித் தலைவர் மேட்டின் மேல் பெருங்கூட்டம் கூட்டினார். வேலியைப் பிடுங்குவோம் என்ற மிரட்டலும் எழுந்தது. சீனர்களை நாட்டைவிட்டே துரத்த வேண்டும் என்று முழங்கிய கூட்டமும் அதேதான். யுங்குக்காகப் பேச வந்தவர்களைப் பற்றி ரொம்பவும் உருக வேண்டியதில்லை.

வேலிக்குப் புகைப்பட சாட்சியே இருக்கிறது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுகின்றனவா என்று படமெடுத்துக் காட்டினாரே, எட்வர்ட் மைப்ரிட்ஜ், அவர் நகரம் முழுவதையும் சுற்றிச் சுற்றி எடுத்த படத்தொடரில் இந்த வேலி நிற்கிறது. கேமராவை வைத்த இடம் மார்க் ஹாப்கின்ஸின் மாளிகை. அவரும் அந்த நால்வரில் ஒருவர். குதிரைப் படத்துக்குச் செலவு செய்த லேலண்ட் ஸ்டான்ஃபோர்டும் நால்வரில் ஒருவர். குதிரையைப் பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுதக் கை துறுதுறுக்கிறது. பக்க அளவு விடாது.

யுங் 1880-இல் இறந்தார். மனைவி விற்கவில்லை. கிராக்கர் 1888-இல் இறந்தார். வாரிசுகளும் வேலியைப் பிரிக்கவில்லை. யுங்கின் மகள்கள் 1904-இல்தான் கிராக்கர் குடும்பத்துக்கு இடத்தை விற்றார்கள். இரண்டே ஆண்டில், 1906 பூகம்பமும் தீயும் மாளிகையைத் தின்றுவிட்டன. அந்தத் தொகுதியைக் குடும்பம் திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்தது. இன்று அங்கே கிரேஸ் கதீட்ரல் நிற்கிறது.

வீம்பு வேலிக்கு எதிரான சட்டம் கலிபோர்னியாவில் வந்தது 1913-இல். மாசசூசெட்ஸ் முந்திக்கொண்டது: 1887, 6 அடி வரம்பு. என் நிலத்தில் நான் கட்டியதை எப்படித் தடுக்கலாம் என்று ஒருவர் கேட்க, 1889-இல் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் சட்டம் செல்லும் என்றார். கூடவே ஓர் அளவுகோலும் கொடுத்தார். கொஞ்சம் கோபம் கலந்திருந்தால் போதாது. அந்த வீம்பு இல்லையென்றால் வேலியே எழுந்திருக்காது என்னும் அளவுக்கு அதுவே முதன்மையான காரணமாக இருக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் மரவரிசைகூட மாட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் மாடி எழுந்ததும் எல்லையோரம் மரங்களை வரிசையாக நட்டு, சாஸ்தா மலை தெரியாமல் மறைக்கப் பார்த்த வழக்கில், மரவரிசையும் வேலி போன்ற அமைப்பாகலாம் என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இப்போது அந்த 3 அடி, 6 அடி விதியைத் திரும்பப் பாருங்கள். வீம்பை நிரூபிக்க வழக்குப் போட்டு, சாட்சி கூட்டி, வக்கீலுக்கு அழ வேண்டும். அப்படியும் 10 அடிக்குக் கீழே எவ்வளவு வீம்பு இருந்தாலும் இந்தப் பிரிவு தொடாது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் உங்கள் மனசாட்சியைக் கேட்பதில்லை. உயரம் எத்தனை என்று கேட்கிறார், அவ்வளவுதான். கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடிய சண்டையைப் பலகை வாங்கும் முன்பே அந்த ஒரு கேள்வி பாதி தீர்த்துவிடுகிறது. அனுமதி விதி வெறும் காகிதத் தொல்லை என்று சலித்துக்கொள்பவர்கள் யுங்கின் வீட்டு ஜன்னலோரம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

படிவம், வரைபடம், குழி தோண்டும் முன் 811-க்கு போன் செய்து நிலத்தடிக் குழாய்களுக்குக் குறி போடச் சொல்வது, வேலிச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரரோடு சரிபாதியாகப் பிரிக்கும் 2013 சட்டம், அதற்கு 30 நாள் முன்பே எழுத்தில் தர வேண்டிய நோட்டீஸ் எல்லாம் அடுத்த வாரம். வீட்டில் நீச்சல் குளம் கட்டவிருப்பவர்கள் மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: குளத்தைச் சுற்றி வேலிதான் பாதுகாப்பு என்றால் அதற்கு அதிகபட்சம் பற்றிக் கவலைப்படுமுன் குறைந்தபட்சத்தைப் பாருங்கள். 60 அங்குலம், அடியில் இடைவெளி 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

(தொடரும்)