டோரா வளரலாமா?

(‘குழந்தைகளின் கார்ட்டூன் நாயகர்களைப் பெரியவர்களுக்காக வளர்த்துவிடுவது சரியே! சரியல்லவே!’ என்ற தலைப்பில், எலவனாசூர்கோட்டையில் தொலைக்காட்சிக்காக நடந்த பட்டிமன்றத்தின் தீர்ப்புரை)

  

சாயங்காலம் நான் வந்து இறங்கியதும் இந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என்னிடம் வந்தார். “ஏங்க, கம்பராமாயணம், சிலப்பதிகாரம்னு பேசுவீங்கன்னு நெனச்சோம். பொம்மைப் படத்துக்கா ஒரு பட்டிமன்றம்?” என்றார். “ஐயா, உங்க வீட்டுல டி.வி. ரிமோட் யார் கையில இருக்கு?” என்று கேட்டேன். “பேரன் கையிலதான்” என்றார். அப்போ பட்டிமன்றம் அவனைப் பற்றித்தானே நடக்கணும்! (சிரிப்பு)

ஒன்றரை மணி நேரமாக இரண்டு அணியும் மோதிவிட்டார்கள். சில தாய்மார்கள் முகத்தில் “என்னதான் பேசுறாங்க இவங்க?” என்கிற கேள்வி தெரிகிறது. அதனால் தீர்ப்புக்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

2007-இல் தமிழில் சுட்டி டி.வி. வந்தது. டோரா நம் வீடுகளுக்குள் நுழைந்தாள். அமெரிக்காவில் 2000-இல் பிறந்த பெண். இங்கே வந்ததும் அவளுடைய குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயர் வைத்தோம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. டோரா கேள்வி கேட்டுவிட்டு, திரையிலிருந்து நம்மையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள், பாருங்க! என் மகள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே பதில் சொல்வாள். குள்ளநரி திருட வந்தால் கத்துவாள். மூன்று முறை சொன்னால் நரி போய்விடும் என்று அவ்வளவு நம்பிக்கை. ஒருநாள் நான் அவள் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்தேன். என்னையும் மூன்று முறை எச்சரித்தாள். (சிரிப்பு)

அந்த மகள் இன்றைக்கு வேலைக்குப் போகிறாள். டோராவுக்கு இன்னமும் ஏழு வயதுதான்! இங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

படம் எடுக்கிறவர்களுக்குக் கார்ட்டூன் என்பது வெறும் படம் இல்லை. புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, பிறந்தநாள் கேக் என்று எதில் அந்த முகம் அச்சானாலும் அவர்களுக்கு உரிமத் தொகை. ஆனால் குழந்தை வளர்கிறது. ஏழெட்டு வயதானால் “இது பாப்பாங்க பார்க்கிறது” என்று எழுந்து போய்விடுகிறது. போகிற வாடிக்கையாளரை எப்படிப் பிடித்து நிறுத்துவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பார்க்கிற குழந்தை வளர்ந்தால், படத்தில் இருக்கிற குழந்தையையும் வளர்த்துவிடு!

அமெரிக்காவில் ‘ரக்ராட்ஸ்’ என்று ஒரு தொடர். தவழ்கிற குழந்தைகளின் கதை. 2003-இல் அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக்கி ஒரு புதுத் தொடர் வந்தது. ‘பென் 10’ நாயகன் 2005-இல் பத்து வயதுப் பையன். 2008-இல் வந்த அடுத்த தொடரில் அவனுக்குப் பதினைந்து. கணக்குப் போட்டால் மூன்று வருடத்தில் ஐந்து வயது கூடியிருக்கிறது. நம்ம ஊரில் ரேஷன் கார்டில்தான் அப்படி நடக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

2009-இல் டோராவையும் விடவில்லை. பொம்மை செய்கிற மேட்டல் நிறுவனமும் நிக்கலோடியன் தொலைக்காட்சியும் சேர்ந்து, கொஞ்சம் பெரிய டோரா வரப்போகிறாள் என்று அறிவித்தார்கள். முழுப் படத்தைக்கூடக் காட்டவில்லை, நிழல் உருவம்தான். அதற்கே அங்குள்ள தாய்மார்கள் கொதித்துவிட்டார்கள். “காடு மலை சுற்றின பெண்ணை அலங்காரப் பொம்மை ஆக்கிடாதீங்க” என்பதுதான் அவர்கள் கவலை. சின்ன டோரா எங்கேயும் போகவில்லை, அவளும் இருப்பாள் என்று நிறுவனங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு 2019-இல் டோராவைப் பதினாறு வயதுப் பெண்ணாக்கி, நிஜ நடிகையை வைத்தே ஒரு திரைப்படம் எடுத்தார்கள். காட்டிலே வளர்ந்தவள் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். ஆனால் அவள் மாறவில்லை. அதே ஆர்வம், அதே வெள்ளை மனசு. உயரம்தான் கூடியது, குணம் கெடவில்லை. “இப்படி வளர்ந்தால் என்னங்க தப்பு?” என்று முதல் அணி கேட்டது. நியாயமான கேள்வி. ஜப்பானில் டோரேமான் கதையிலும் 2014-இல் வந்த படத்தில் நோபிதா பெரியவனாகிக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதைக் காட்டினார்கள். பரீட்சையில் முட்டை வாங்குகிற பையனுக்கும் ஒரு நல்ல வாழ்க்கை உண்டு என்று காட்டுவது பாவமா? பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு அதைவிட ஆறுதல் வேறென்ன! (கைதட்டல்)

இனி, எதிரணி சொன்னதைப் பார்ப்போம். அவர்கள் காட்டியது வேறு வகை.

ஏ.ஏ. மில்ன் என்ற ஆங்கில எழுத்தாளர், 1926-இல் ‘வின்னி த பூ’ என்ற கரடிக் கதையை எழுதினார். அவர் மகன் வைத்து விளையாடிய பொம்மைதான் அந்தக் கரடி. அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டு முடிந்ததும், 2022 ஜனவரி முதல் தேதியில் அந்தப் புத்தகத்தின் பதிப்புரிமை அங்கே தீர்ந்தது. இனி யாரும் எடுத்துக் கையாளலாம். 2023-இல் அந்தத் தேன் குடிக்கிற கரடியைக் கொலைகாரனாக்கி ஒரு திகில் படமே வந்துவிட்டது! அதே ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தையே போட்டுவிட்டார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பிள்ளைகள் மிரண்டு போனார்கள். வாத்தியாருக்கே இப்படி என்றால், அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அடுப்படி என்றதும் ஒன்று சொல்லணும். என் அக்கா வீடு இதே எலவனாசூர்கோட்டையில்தான் இருக்கிறது. அக்காவுக்கு ஆறு வயதில் ஒரு பேத்தி. போன மாதம் நான் வந்திருந்தபோது அக்கா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். பேத்தி ஓரமாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்ட்டூன்தானே என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திடீரென்று போனைக் கீழே போட்டுவிட்டு வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துப் பார்த்தேன். அவள் தினம் பார்க்கிற ஒரு பொம்மை முகம். கையில் கத்தி. சட்டையில் ரத்தம். யாரோ எங்கிருந்தோ செய்து ஏற்றிவிட்ட படம்.

அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “தாத்தா, அது ஏன் கெட்டதாயிடுச்சு?”

முப்பது வருடமாக வகுப்பில் பாடம் சொல்கிறவன் நான். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. (அமைதி)

ஏன் இவ்வளவு வலி? குழந்தைக்குப் படத்தின் பெயர் தெரியாது. முத்திரை படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது முகம் ஒன்றுதான். அம்மா முகத்தைப் பார்த்தால் ஓடி வருகிற மாதிரிதான் அந்தப் பொம்மை முகத்தைப் பார்த்தும் ஓடுகிறது. அந்த முகத்தையே பொறியாக வைத்தால்?

“அப்படியானால் கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்குத்தான் என்று சட்டம் போட்டுவிடலாமா?” என்று முதல் அணித் தம்பி மடக்கினார். முடியாது. உங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்க்கிற ஷின்சான், 1990-இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கிற வார இதழில் பிறந்தவன்! படம் பொம்மைப் படமாக இருந்ததால் இங்கே குழந்தைகள் சேனலுக்கு வந்துவிட்டான். 2008-இல் மத்திய அரசு அவனுக்குத் தடை போட்டது. வெட்டித் திருத்திய பிறகுதான் திரும்பி வந்தான். ஆக, பெரியவர்களின் கதை குழந்தையிடம் இறங்கி வருவதும் உண்டு.

இன்னொன்று கவனிச்சீங்களா? அவர்கள் குழந்தையைப் பெரியவன் ஆக்குகிறார்கள். நம் நாட்டில் பெரியவனைக் குழந்தை ஆக்குகிறோம்! மகாபாரதத்தில் துச்சாதனன் நெஞ்சைப் பிளந்தவன் பீமன். 2008-இல் ஹைதராபாத்காரர்கள் அந்தப் பெயரில் ஒரு பையனை உண்டாக்கி, கையில் லட்டைக் கொடுத்து ‘சோட்டா பீம்’ ஆக்கினார்கள். 2019-இல் அவனையும் சுருக்கித் தவழுகிற குழந்தையாக்கிவிட்டார்கள். இன்னும் விட்டால் தொட்டிலுக்கே அனுப்பிவிடுவார்கள்! (சிரிப்பு)

இது தமிழனுக்குப் புதுசா? பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கியமே வைத்திருக்கிறோமே! தெய்வமோ அரசனோ, யாராக இருந்தாலும் குழந்தையாக்கிப் பத்துப் பருவத்தில் பாடுவோம். தால் ஆட்டுவோம், சப்பாணி கொட்டச் சொல்லுவோம், நிலாவைக் கூப்பிடுவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர், இரண்டாம் குலோத்துங்க சோழன் மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். போருக்குப் போகிற சக்கரவர்த்தியைத் தொட்டிலில் போட்டார்.

அதே ஒட்டக்கூத்தர் அதே அரசனுக்கு உலாவும் பாடினார். உலாவில் அவன் யானை மேல் பவனி வருகிற வாலிபன். வீதியில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் நின்று பார்க்கிறார்கள். பொம்மை வைத்து விளையாடுகிற பேதைக்கு அவன் ஒரு மாதிரி தெரிகிறான். மங்கைக்கு வேறு மாதிரி. பேரிளம்பெண்ணுக்கு இன்னொரு மாதிரி. வருகிறவன் ஒருத்தன்தான். பார்க்கிற வயது மாறினால் பார்வை மாறுகிறது.

இதில்தான் என் தீர்ப்பு இருக்கிறது. ஒரே புலவர், ஒரே அரசன். குழந்தையாகப் பாட ஒரு நூல், வாலிபனாகப் பாட ஒரு நூல். இரண்டையும் ஒரே ஏட்டில் கலந்தாரா? இல்லை. அதுக்குப் பிள்ளைத்தமிழ் என்று பெயர், இதுக்கு உலா என்று பெயர். பெயரைக் கேட்டதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கிறவனுக்குத் தெரியும். உலாவைத் தாலாட்டு என்று சொல்லித் தொட்டில் பக்கத்தில் யாரும் வைக்கவில்லை! (பலத்த கைதட்டல்)

நம் காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி! 1984-இல் லயன் காமிக்ஸ். நானெல்லாம் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவன். அன்றைக்குப் படித்த பையன்களுக்கு இன்றைக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களுக்காக மாயாவியை நரைக்க வைத்தார்களா? இல்லையே. பழைய மாயாவியைப் பழைய மாயாவியாகவே மறுபதிப்புச் செய்தார்கள். வளர்ந்த வாசகனுக்கு லார்கோ வின்ச் மாதிரி வேறு கதைகளைக் கொண்டுவந்தார்கள். பழசும் பத்திரம், வாசகனும் பத்திரம்.

ஆகவே தீர்ப்பு இதுதான். கார்ட்டூன் குழந்தைகள் வளரலாம். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, எந்தக் குணத்துக்காகக் குழந்தை அவர்களை நேசித்ததோ, அந்தக் குணம் கூடவே வளரணும். பெயரையும் முகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு குணத்தைத் தூக்கி எறிந்தால் அது வளர்ச்சி இல்லை, ஆள்மாறாட்டம். இரண்டு, யாருக்கான படம் என்று வாசலிலேயே தெரியணும்.

அந்த இரண்டாவது நிபந்தனையில் உங்களுக்கும் பங்கு உண்டு, தாய்மார்களே. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, இணையத்தில் படம் காட்டுகிற தளங்கள் ஒவ்வொரு படத்துக்கும் வயது முத்திரை போடணும். எல்லோரும் பார்க்கலாம் என்றால் யு. அப்புறம் ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் ஏ. பதின்மூன்றும் அதற்கு மேலும் உள்ள படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் கொடுக்கணும். பூட்டு கொடுத்திருக்கிறார்கள், பூட்ட வேண்டியது நாம். ஆனால் யார் யாரோ ஏற்றிவிடுகிற வீடியோவில் அந்த முத்திரை இருக்கும் என்று நம்ப முடியாது. அங்கே ஒரே முத்திரை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டியின் கண்தான்.

அக்கா பேத்திக்கு அன்றைக்கு ராத்திரி என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அது கெட்டதாகலடா கண்ணு. உன் பொம்மை நல்லாத்தான் இருக்கு. அதோட முகத்தை எவனோ திருடிக்கிட்டு வந்துட்டான்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப குள்ளநரிக்குச் சொல்ற மாதிரி சத்தமாச் சொல்லணும் தாத்தா. மூணு தடவை” என்றாள்.

ஒரு தடவை இன்றைக்கு இந்த மேடையில் நான் சொல்லிவிட்டேன். மீதி இரண்டு தடவை உங்கள் வீட்டில் நீங்கள் சொல்லுங்கள்.

(நீண்ட கைதட்டல்)