சுவாமி ஆட ஒரு மல்லாரி

வசந்த மண்டபத்தில் பஞ்சபுராணம் ஓதி முடிந்து, சுவாமி காவுவோர் கொம்பைத் தோளில் ஏற்றும் நேரம் மேளகாரர் எடுப்பது மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது. பக்தியை வாய்விட்டுச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. சுவாமி புறப்பட்டுவிட்டார் என்று அடுத்த ஒழுங்கைவரை அறிவிப்பதே அதன் வேலை. கேட்டவர்கள் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள்.

முதலில் தவிலில் அலாரிப்பு. பிறகு கொஞ்ச நேரம் கம்பீரநாட்டை ஆலாபனை. ரிஷபமும் தைவதமும் இல்லாத இராகம் அது: ச, க, ம, ப, நி என்ற ஐந்தே சுரங்கள். குழைந்து கெஞ்ச அதில் இடமில்லை, நிமிர்ந்துதான் நடக்கவேண்டும். ஊர்வலத்துக்கு இந்த இராகத்தைத் தேர்ந்தவர் யாரோ, காது உள்ளவர்.

மல்லாரியின் உயிர் காலக்கணக்கில் இருக்கிறது. திரிகால மல்லாரியில் தாளம் போடுபவர் கை ஒரே வேகத்தில் நிற்க, அதே உருப்படி மூன்று காலங்களில் வரும். முதற்காலத்தில் நான்கு ஆவர்த்தனம் பிடித்த அடி, இரண்டாங்காலத்தில் இரண்டில் முடியும், மூன்றாங்காலத்தில் ஒன்றில். இடையே திஸ்ரத்துக்கும் திருப்பிவிடுவார்கள். முதற்காலம்தான் கடினம் என்பது என் எண்ணம். வேகத்தில் சிறு பிசகு மறைந்துவிடும். விளம்பத்தில் சீவாளியின் ஒவ்வொரு மூச்சும் வெளியே தெரியும்.

அந்த இடைவெளிகளை நிரப்புவது தவில். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. அளவெட்டியில் வாழ்ந்த வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) கணக்கை உடைத்து உடைத்து வாசித்தும் சமத்தில் வந்து விழும் விதத்தைத் தமிழகத்து வித்துவான்களும் வியந்தார்கள். அதே ஊர் என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் நல்லூர் வீதிகளுக்குப் பழகிய குரலாக இருந்தது.

ஐரோப்பாவிலும் மல்லாரிக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. 1787 டிசம்பரில் வியன்னா அரசவையில் வேலைக்கு அமர்ந்த மோட்சார்ட்டின் முக்கிய கடமை, அரண்மனை நடன விருந்துகளுக்குச் சின்னச் சின்ன ஆட்ட இசை எழுதிக் கொடுப்பது. மினுவே, ஜெர்மன் நடனம் என்று அவர் எழுதியவை பெரும்பாலும் எட்டெட்டு அளவைகளாக மடங்கித் திரும்பும். ஆடுபவர் கால் தடுமாறக் கூடாதல்லவா! இங்கே ஆடுபவர் சுவாமி. காவுகிறவர்களின் தோளில் வாகனம் இடமும் வலமும் சாய்வது தவிற்சொல்லுக்குத்தான்.

நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேரன்றைக்குத் தேர் மல்லாரி. தீர்த்தக்குடம் வரும்போது தீர்த்த மல்லாரி. பரதநாட்டிய மேடைக்கும் மல்லாரி போய்விட்டது. அரங்கேற்றங்களில் பிள்ளைகள் சுவாமி காவுவதுபோல அபிநயித்து அழகாகத் தொடங்குகிறார்கள். குறை சொல்ல ஏதுமில்லை, பக்கத்தில் மேளம் இருந்தால். ஒலிப்பதிவைப் போட்டு ஆடும்போதுதான் எனக்கு ஒட்டுவதில்லை. வெளிவீதியில், தெற்கு மூலையில் தோள் மாற்ற ஆட்கள் நின்றால், நாதஸ்வரகாரர் கண்ணால் ஒரு சைகை காட்டுவார். தவில்காரர் இன்னும் இரண்டு ஆவர்த்தனம் சுற்றிக் கொடுத்து, கொம்பு தோளில் ஏறிய பிறகே தீர்மானம் வைப்பார்.