சாலைக் கடைத்தெரு: எல்லை மாறியும் மாறாத தமிழ் அங்காடி

சித்தூர் தாலுகாவில் இருந்தோ தேவிகுளத்தில் இருந்தோ திருவனந்தபுரம் செல்லும் தமிழர்களுக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. தலைமைச் செயலகத்தில் ஒரு மனு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி, பிள்ளைக்கு ஒரு பரீட்சை என்று ஏதாவது ஒன்று இருக்கும். காரியம் முடிந்ததும், ரயிலுக்கு நேரம் இருந்தால் பத்மநாப சுவாமி கோயிலைச் சேவித்துவிட்டு, சிலர் கோவளம் கடற்கரையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கோயிலுக்கு எதிரே கிழக்குக்கோட்டை வாசலைத் தாண்டி, காந்தி பார்க்கை ஒட்டித் தொடங்கும் ஒரு குறுகலான தெருவில் நுழைந்து பார்ப்போர் குறைவு. அப்படி நுழைந்தவர்களுக்கு இரண்டு நிமிஷத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். கேரளத் தலைநகரின் நடு நெஞ்சில், மூட்டை இறக்குகிறவரும் பூக் கட்டுகிறவரும் கல்லாவில் இருப்பவரும் தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதுதான் சாலை. மலையாளிகள் சாலைக் கம்போளம் என்றும், தமிழர்கள் சாலைக் கடைத்தெரு என்றும் சொல்வார்கள். கிழக்குக்கோட்டையில் இருந்து கிள்ளிப்பாலம் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தெரு. இரு பக்கமும் கிளைத் தெருக்கள். அவற்றில் சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு, கருப்பட்டிக்கடை முக்கு என்ற பெயர்களைக் கேட்டாலே இங்கு யார் வந்து குடியேறினார்கள் என்பது விளங்கிவிடும்.

திவான் போட்ட தெரு

இந்த அங்காடியை அமைத்தவர் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசர். தர்மராஜா என்று புகழ் பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1758 முதல் 1798 வரை ஆண்டவர். அவர் காலத்தில்தான் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. கோயிலும் அரண்மனையும் சேர்ந்த ஒரு தலைநகருக்கு அரிசி வேண்டும், எண்ணெய் வேண்டும், துணி வேண்டும், பூ வேண்டும். அவற்றைக் கொண்டுவந்து விற்க வியாபாரிகள் வேண்டும். கேசவதாசர் ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்து வெளியூர் வணிகர்களை அழைத்துக் குடியேற்றியவர். தலைநகரில் அதே நோக்கில் அவர் உண்டாக்கியதே சாலைக் கடைத்தெரு. நாஞ்சில் நாட்டில் இருந்தும், திருநெல்வேலிச் சீமையில் இருந்தும், செங்கோட்டைப் பக்கம் இருந்தும் தமிழ் வணிகர்கள் இங்கு வந்து கடை போட்டார்கள். ஊரில் இருந்து வந்தவர் தம்பியை அழைத்தார், தம்பி மைத்துனரை அழைத்தார். இப்படித்தான் தெரு நிறைந்தது.

பெயர் இன்னும் பழமையானது. இத்தெருவின் ஒரு பகுதி ஆரியசாலை, அடுத்துள்ளது வலியசாலை. வலியசாலையில் காந்தளூர் சிவன் கோயில் இருக்கிறது. முதலாம் ராஜராஜ சோழன் தன் கல்வெட்டுகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இந்த இடமே என்று ஒரு சாரார் கூறுகின்றனர். விழிஞ்ஞத்தின் பக்கம் என்பது வேறு சிலரின் கட்சி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த வழக்கு முடிவது எப்போது என்றாலும், "சாலை" என்ற சொல் இன்றும் அங்கே நாக்கில் புழங்குகிறது.

விடியும் முன்னே தொடங்கும் வியாபாரம்

சாலையைப் பார்க்க வேண்டுமானால் அதிகாலையில் பார்க்க வேண்டும். இரவெல்லாம் தமிழகத்துக் காய்கறி லாரிகள் வந்து சேரும். தோவாளையில் இருந்து பிச்சியும் அரளியும் பனியோடு வந்து இறங்கும். ஓணத்துக்கு முந்திய பத்து நாட்களில் அத்தப்பூக் கோலத்துக்கு வேண்டிய செவ்வந்தியும் வாடாமல்லியும் மலை மலையாகக் குவியும். கேரளத்தின் திருநாளுக்குத் தமிழகத்துத் தோட்டம் பூக்கிறது. இடையில் நின்று இரண்டையும் சேர்ப்பது இந்தத் தெரு.

மாசி மாதம் வந்தால் சாலையின் முகமே மாறிவிடும். அருகில் உள்ள ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கலுக்குப் பல லட்சம் பெண்கள் கூடுகிறார்கள். 2009ஆம் ஆண்டு 25 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகம் குறித்தது. மதுரையை எரித்துவிட்டுச் சேர நாடு நோக்கி வந்த கண்ணகியே ஆற்றுக்கால் அம்மை என்பது ஐதீகம். அந்த அம்மைக்குப் பொங்கலிட மண்பானையும் பச்சரிசியும் வெல்லமும் சாலையில்தான் வாங்குவார்கள். பானைகள் தெருவோரம் அடுக்கடுக்காய் நிற்கும். அந்நாட்களில் நடக்கவே இடம் இராது.

நமது பக்கத்துச் சரக்கும் அங்கே உண்டு. இடுக்கி மலையின் ஏலக்காயும் மிளகும் மளிகைக் கடைகளில் மணக்கின்றன. பாலக்காட்டு மட்டையரிசி மூட்டைகள் நிற்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள்.

விருந்தாளியாய் வரும் வேலவர்

நவராத்திரிக்கு இன்னொரு சிறப்பு. பத்மநாபபுரத்தில் இருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும், குமாரகோயில் வேலிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருப்பாள். நங்கை செந்திட்டையில் தங்குவாள். முருகனுக்கு ஜாகை ஆரியசாலைக் கோயில், அதாவது சாலைக் கடைத்தெருவேதான். மூன்று கோயில்களும் இன்று தமிழகத்தில் உள்ளன. வேலிமலையான் வந்து தங்கும் நாட்களில் தெருவே அவரை வீட்டு விருந்தாளியாக நடத்தும். எல்லைக்கு இரு பக்கத்துப் போலீசாரும் மரியாதை அணிவகுப்பு நடத்தி வழியனுப்பி வரவேற்பது இன்றும் தொடரும் வழக்கம்.

1956 நவம்பர் 1

இவ்வளவும் ஒரே ராஜ்யத்துக்குள் நடந்த காலம் ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டு வியாபாரி மாட்டு வண்டியில் நெல் ஏற்றிச் சாலைக்கு வந்தால் அவர் எந்த எல்லையையும் கடக்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. செங்கோட்டையும் போயிற்று. சாலை வியாபாரியின் சொந்த ஊர் ஒரு மாநிலத்திலும், கடை வேறொரு மாநிலத்திலும் ஆயின.

இதன் மறுபக்கத்தை இடுக்கித் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே போராட்டத்தில் கேட்கப்பட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. மலைத் தோட்டத் தமிழர்களும் சாலைத் தமிழர்களும் அன்று ஒரே நாளில் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். ஆள் இடம் மாறவில்லை, எல்லைதான் மாறிற்று.

ஆனால் வியாபாரம் எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. 1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டதும், காலையில் வந்து கொள்முதல் செய்து மாலையில் ஊர் திரும்புவது எளிதாயிற்று. 1976 வரை பாலக்காட்டில் இருந்து வருவோர் அகலப் பாதை வண்டியில் எர்ணாகுளம் வந்து, இடையில் மீட்டர் பாதை வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. இன்று ஒரே வண்டியில் ஏறிப் படுத்தால் தம்பானூரில் விழிக்கலாம். ரயிலே இல்லாத இடுக்கி மாவட்டத்தாருக்குத்தான் இன்னும் பஸ் பயணம்.

கல்லாவில் பிறந்த இலக்கியம்

சாலை தமிழுக்குக் கொடுத்த பெரிய கொடை ஒரு பாத்திரக்கடைக்காரர். பெயர் ஆ. மாதவன். 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, தமிழைத் தாமாகக் கற்றுக்கொண்டவர். பல பத்தாண்டுகள் இத்தெருவில் பாத்திரக்கடை நடத்தினார். வாடிக்கையாளர் வராத நேரத்தில் எழுதினார். சுமை தூக்குவோர், கைவண்டிக்காரர், தெருவில் பிழைக்க வந்தோர், பிழைக்க முடியாமல் போனோர் எல்லோரும் அவர் கதைகளில் வந்து நின்றார்கள். "கடைத்தெருக் கதைகள்" என்று ஒரு தொகுதிக்கே பெயரிட்டார். "புனலும் மணலும்", "கிருஷ்ணப் பருந்து" ஆகிய நாவல்களும் "நாயனம்" என்ற சிறுகதையும் தமிழ் வாசகர் மறவாதவை. மலையாளத்தில் இருந்து பி.கே. பாலகிருஷ்ணனின் நாவலையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். 2015ஆம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு அவருடைய "இலக்கியச் சுவடுகள்" கட்டுரை நூலுக்குக் கிடைத்தது. 2021 ஜனவரியில் காலமானார்.

எழுத்தே தொழிலாக உள்ளவர்கள் எழுதியது ஒன்று. பித்தளைக் குடத்துக்கு விலை சொல்லிக்கொண்டே தம் தெருவைப் பற்றி எழுதியது வேறு ஒன்று. சாலைக்கு ஒரு மாதவன் கிடைத்ததால் அந்தத் தெரு காகிதத்தில் என்றும் இருக்கும்.

தரையில் இருக்குமா?

இதுதான் இன்றைய கேள்வி. சாலைக்கு இடைஞ்சல்கள் பல. லாரி திரும்ப இடமில்லை. மழை வந்தால் தண்ணீர் தேங்கும். நெருக்கமான கட்டடங்களில் தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைவதே பெரும்பாடு. 2019இல் கிழக்குக்கோட்டைப் பகுதியில் ஒரு குடைக்கடை எரிந்தபோது நகரமே அதைக் கண்டது. 2020 ஜூலையில் கொரோனாவுக்காகத் தலைநகரை முழுமையாக மூடியபோது சாலையும் மூடிக் கிடந்தது. 2021 டிசம்பரில் நகரின் மறு கோடியில் குளிரூட்டிய பெரிய வணிக வளாகம் திறந்தது. கையில் இருக்கும் போனிலேயே சாமான் வாங்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

சாலையைப் பாரம்பரியத் தெருவாகச் சீரமைக்கச் சுற்றுலாத் துறையும் ஸ்மார்ட் சிட்டி திட்டமும் முனைந்தன. நல்லதுதான். ஆனால் எப்படிச் சீரமைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒல்வேரா தெரு என்று ஒன்று உண்டு. அந்த நகரம் 1781இல், நம் சாலை பிறந்த அதே காலத்தில், 44 பேருடன் தொடங்கிய சிற்றூர். பின்னர் மெக்சிகோவுக்குச் சொந்தமாயிருந்தது. 1848 உடன்படிக்கைப்படி கலிபோர்னியா அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கும் மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைதான் மாறிற்று. பாழடைந்து கிடந்த அந்தத் தெருவில் 1818இல் கட்டிய பழைய வீட்டை இடிக்க இருந்த சமயம், கிறிஸ்டின் ஸ்டெர்லிங் என்ற மாது போராடித் தடுத்து, 1930இல் அதை மெக்சிகோ அங்காடியாகத் திறக்கச் செய்தார். வீடு பிழைத்தது, தெருவும் பிழைத்தது. ஆனால் அது முக்கியமாகச் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்கான தெருவாயிற்று. 1932இல் சிகேய்ரோஸ் என்ற மெக்சிகோ ஓவியர் அங்கே ஒரு சுவரில் மக்களின் துயரத்தை வரைந்தபோது, சிறிது காலத்தில் அதைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். 2012இல்தான் மறுபடி பொதுமக்கள் கண்ணுக்குப் பட்டது.

சாலைக்கு அந்த நிலை வரக்கூடாது. வண்ணம் பூசி, வளைவு கட்டி, விளக்குப் போட்டு, கருப்பட்டி விற்றவரை வெளியேற்றிவிட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான். வடிகாலும், தீயணைப்புக்கு வழியும், சுமைத் தொழிலாளிக்கு நிழலும் கொடுத்து, விற்கிறவர் விற்கவும் வாங்குகிறவர் வாங்கவும் விட்டால் போதும்.

மொழியின் கதையும் இதுவே. சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. நகரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஆனாலும் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. கடைப் பலகை மலையாளத்தில், பில் ஆங்கிலத்தில், பேரம் மட்டும் தமிழில். பேரமும் போய்விட்டால்?

நமது அங்காடிகள்

இதைத் திருவனந்தபுரத்தின் கவலை என்று தள்ளிவிட முடியாது. பாலக்காட்டு வலியங்காடியிலும், வேலந்தாவளம் காய்கறிச் சந்தையிலும், கொழிஞ்சாம்பாறையிலும், மூணாறு, குமுளிக் கடைவீதிகளிலும் இதே தமிழ்ப் பேரம்தான் நடக்கிறது. யார் எப்போது வந்து கடை போட்டார், என்ன சரக்கு எங்கே போயிற்று என்பது பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. பழைய கணக்குப் புத்தகங்களைக் கரையான் தின்னுமுன் யாராவது ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அதுவே சரித்திரம். அதற்கு எழுத்தாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதைச் சாலைப் பாத்திரக்கடை காட்டிவிட்டது.

அடுத்த முறை தலைநகர் செல்வோர் தம்பானூரில் இறங்கியதும் நடந்தே சாலைக்குப் போகலாம், தூரம் அதிகமில்லை. வெயில் ஏறுமுன் போவது நல்லது. வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு கடையில் தமிழில் விலை கேட்கலாம். பதில் தமிழில் வரும்.