கடலோர வீட்டுத் தளச் சட்டகம்

கடலோர வீட்டுத் தளச் சட்டகம் என்பது, கடற்கரையை அடுத்த வீடுகளின் வெளிப்புறத்தில் அமைக்கப்படும், டெக் எனப்படும் பலகைத் தளங்களைத் தாங்கி நிற்கின்ற தூண்கள், உத்தரங்கள், குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றின் தொகுதி ஆகும். இது மரத்தாலோ உலோகத்தாலோ அமைக்கப்படுகின்றது. 2019 ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் கடற்கரையும் அங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. உள்ளே உள்ள செங்கல்பட்டு நகரமும் அடங்குகின்றன. கரையில் உலோகத்துக்கு உப்புக்காற்றும், எல்லா இடங்களிலும் மரத்துக்கு ஈரமும் கரையானும் பகையாக உள்ளன. எனவே இரண்டில் எது சிறந்தது என்பதற்கு மாவட்டம் முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

வரலாற்றுப் பின்னணி

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையிலுள்ள கல்வெட்டு, முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி அக்கோயிலை அமைத்ததாகக் கூறுகின்றது. அதற்கு முன்னர் இப்பொருட்களே கட்டிடங்களில் வழக்கமாகப் பயன்பட்டன என்பதை இதனால் அறியலாம். மாமல்லபுரத்தின் ஐந்து இரதங்கள் கல்லில் செதுக்கப்பட்டவை எனினும் மரக் கட்டிட வடிவங்களைப் பின்பற்றுகின்றன. திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவில் உள்ளது. மூலமான மரக் கட்டிடங்கள் அழிந்துபோயின. அவற்றின் வடிவம் மட்டும் கல்லில் எஞ்சியுள்ளது.

பிற்கால வீடுகளில் பனங்கைகள் கூரையைத் தாங்கின. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மாடித்தளத்தில் தேக்குச் சட்டங்களின் மீது செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கப்பட்டன. பின்னர் தேக்குக்குப் பதிலாக எஃகு உத்தரங்களும் பயன்படலாயின.

உலோகச் சட்டகம்

எஃகு தேக்கைவிடப் பல மடங்கு விறைப்பானது. எனவே மெல்லிய உத்தரங்களைக் கொண்டே நீண்ட இடைவெளிகளைக் கடக்க இயலும். கரையான் அதனை அரிப்பதில்லை. ஆனால் அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் உப்பைக் காற்றில் கலக்கின்றன. எஃகின்மீது படியும் இவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துத் துருப்பிடித்தலை விரைவுபடுத்துகின்றது. கரையிலிருந்து விலக விலக இதன் அளவு விரைவாகக் குறையும்.

ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் சூழல்களை அரிப்புத்தன்மைக்கேற்ப வகைப்படுத்துகின்றது. மிகக் கடுமையான சி5 வகைச் சூழலில், பூச்சற்ற எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரையும், துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரையும் தேய்கின்றன. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கப்பட்ட தடித்த எஃகுச் சட்டத்தில் பூச்சின் தடிப்பு ஏறக்குறைய 85 மைக்ரான் ஆகும். இதே வேகத்தில் தேய்ந்தால் அப்பூச்சு 10 முதல் 20 ஆண்டுகள் வரை நிற்கும். நடுத்தரமான சி3 வகைச் சூழலில் அதுவே 40 ஆண்டுகளுக்கு மேல் நிற்கக்கூடும்.

கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஜி.ஐ. சதுரக் குழாய்களில் பூச்சு இதைவிட மிகவும் மெல்லியது. வெல்டிங் செய்யும் இடத்தில் அப்பூச்சும் எரிந்துவிடுகின்றது. முனை மூடப்படாத குழாய்க்குள் ஈரம் புகுந்தால் துரு உள்ளிருந்து வளரும். வெளியில் வண்ணப்பூச்சு நன்றாகவே தோன்றும். துருவேறா எஃகு வகைகளுள், மாலிப்டினம் கலந்த 316 வகை, 304 வகையைவிடக் கடற்காற்றை நன்கு தாங்கக்கூடியது. எனினும் அதன் விலை அதிகம்.

மரச் சட்டகம்

உப்புக்காற்று மரத்தைப் பெரிதும் கெடுப்பதில்லை. மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது பூஞ்சை வளர்ந்து அதனை உளுக்கச் செய்கின்றது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி இதற்கும் கரையானுக்கும் நன்கு ஈடுகொடுக்கும். வெளிப்புற வெள்ளைப் பகுதி ஈடுகொடுக்காது. பனையில் இது தலைகீழானது: வெளிப்பகுதி வலியது, உட்பகுதி மென்மையானது. இக்கடற்கரையில் பரவலாக வளர்க்கப்படும் சவுக்கு, சாரத்துக்கும் பந்தலுக்கும் ஏற்றதேயன்றி, மண்ணில் ஊன்றும் நிலையான தூணுக்கு ஏற்றதன்று.

மரத் தூண்களை மண்ணில் புதைக்காமல், கல் அல்லது கான்கிரீட்டுப் பீடத்தின்மீது நிறுத்துதல் வேண்டும். மரச் சட்டகத்திலும் ஆணிகளும் திருகாணிகளும் உலோகமே என்பது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. செப்பு கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரம், சாதாரண எஃகு ஆணிகளை மேலும் விரைவாக அரிக்கும். மரம் நன்றாயிருக்க, ஆணி அறுந்து தளம் சரிய வாய்ப்புண்டு.

புயற்காற்று

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இத்தகைய காற்று தளத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு மேல்நோக்கித் தூக்கவும் செய்யும். ஆதலால் எந்தப் பொருளாயினும் உத்தரம் தூணுடனும், தூண் அடித்தளத்துடனும் மரையாணிகளால் பிணைக்கப்படல் வேண்டும்.

தெரிவு

கடலை நேராக நோக்கும் வீடுகளில், துருவேறா எஃகு மரையாணிகளால் பிணைத்த வைரமேறிய மரமோ, முழுதும் தோய்த்துப் பூச்சிட்ட தடித்த எஃகுச் சட்டமோ ஏற்றது. மெல்லிய குழாய்ச் சட்டகம் தவிர்க்கத்தக்கது. செங்கல்பட்டு நகரம் போன்ற உள்பகுதிகளில் பூச்சிட்ட எஃகு குறைந்த பராமரிப்புடன் நெடுங்காலம் உழைக்கும். அங்கு மரத்துக்குக் கரையான் தடுப்பு இன்றியமையாதது.

மாமல்லபுரத்தில், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உள்ளது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி தேவை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் இப்பகுதிக்குப் பொருந்தும்.

பராமரிப்பு

சட்டகங்கள் பெரும்பாலும் நடுப்பகுதியில் அன்றி மூட்டுகளிலேயே பழுதடைகின்றன. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர் தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்வையிடுதல் நன்று. மரத்தைக் கூரிய கருவியால் குத்தும்போது அது எளிதில் இறங்கினாலோ, குழாயைத் தட்டும்போது துருத்தூள் உதிர்ந்தாலோ, அப்பகுதியை மாற்றும்வரை தளத்தின்மீது ஆட்கள் கூடுதலைத் தவிர்க்க வேண்டும்.