தீப்புண் வலியை மறக்க வைக்கும் பனி உலகம்!

தலையில் ஒரு கவசம். கண் முன்னே பனிமலை!

தீக்காயம் பட்டவருக்கு இரண்டு வேதனை. ஒன்று, தீ சுட்டபோது. மற்றொன்று, காயம் ஆறும்போது.

இரண்டாவதுதான் நீண்ட வேதனை.

புண் ஆற ஆறப் புதுத் தோல் சுருங்கும். முழங்கையில் காயமென்றால், கையை மடக்கி இழுத்துப் பிடித்துவிடும். விரல்களில் காயமென்றால், ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போகலாம்.

அதனால், புண் ஆறிக்கொண்டிருக்கும்போதே கை கால்களை நீட்டி மடக்கவேண்டும். நோயாளி அலறுவார். "இன்று வேண்டாம், நாளைக்குச் செய்கிறேன்" என்று கெஞ்சுவார். தள்ளிப் போட்டாலோ தோல் இன்னும் இறுகும்.

மார்பின் போன்ற மருந்துகள் கொடுக்கிறார்கள். படுத்திருக்கும்போது வலி அடங்கும். கையை நீட்டினால், மருந்தையும் மீறிக் கிளம்பும்.

சிலந்திக்குச் செய்த கருவி

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஹார்பர்வியூ ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற மனநூல் நிபுணர்கள் இருவர் 1996-ம் ஆண்டில் ஒரு புது வழியில் இறங்கினார்கள்.

ஹாஃப்மனிடம் தலைக்கவசம் போன்ற கருவி ஒன்று இருந்தது. உள்ளே, கண்களுக்கு எதிரே இரண்டு சிறு திரைகள். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மாட்டிக்கொண்டவருக்கு, வேறோர் இடத்தில் நிற்பது போலவே இருக்கும். 'மெய்நிகர் உலகம்' என்பது இதுதான்.

சிலந்தியைக் கண்டு நடுங்குவோரின் பயத்தைப் போக்க, அதில் ஒரு சமையலறையைக் காட்டி வந்தார் அவர். அதையே தீக்காயம் பட்ட இரண்டு வாலிபர்களுக்கு மாட்டினார்கள். வீடியோ விளையாட்டைவிட இதில் வலி வெகுவாகக் குறைந்தது என்றார்கள் இருவரும். இந்த விவரம் 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆனால், தீயில் வெந்தவருக்குச் சமையலறையையா காட்டுவது?

பனிப்பந்து விளையாட்டு

பனி உலகம் பிறந்தது. பனிப் பள்ளத்தாக்கில் நோயாளி மிதந்து போகிறார். பனி மனிதர்களும் பென்குவின் பறவைகளும் எதிர்ப்படுகின்றன. அவற்றின்மேல் பனிப்பந்து எறியவேண்டும்.

எல்லாம் யோசித்துச் செய்தவை. வேகமாய்ப் போனால் தலை சுற்றி வாந்தி வரும். அதனால் மெதுவான பயணம். எறிவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். காயம்பட்ட கையை மருத்துவர் நீட்டிக்கொண்டிருக்கலாம். கவசம் கண்ணை மறைப்பதால், சொந்தப் புண் கண்ணில் படாது.

குழந்தைக்கு முள் எடுக்கும்போது, "அதோ பார், காக்கா!" என்கிறாளே தாய்? அதே வித்தைதான். வலியை உணரவும் மனம் அங்கே இருக்கவேண்டும். மனம் பனியில் இருந்தால், வலிக்கு மிஞ்சுவது கொஞ்சமே.

வெறும் பிரமையா?

இல்லை. 2004-ம் ஆண்டில், உடல்நலமுள்ள சிலரின் பாதத்தில் சூடு காட்டி, மூளையைப் படம் பிடித்தார்கள். பனி உலகில் இருந்தபோது, வலியோடு சம்பந்தப்பட்ட 5 இடங்களில் மூளையின் வேலை குறைந்திருந்தது.

அதற்கு முன்பே 12 நோயாளிகளுக்கு, பயிற்சியின்போது 3 நிமிஷம் கவசம் மாட்டிப் பார்த்தார்கள். 12 பேருக்கும் வலி குறைந்தது.

கவசம் புண்ணை ஆற்றுவதில்லை. மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். அந்தச் சில நிமிஷங்களைத் தாங்க வைப்பதே இதன் வேலை.

முகம் வெந்தவர்கள் என்ன செய்வார்கள்? தலையில் கவசம் மாட்ட முடியாதே! அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். இயந்திரக் கை ஒன்று, கண்ணாடியை நோயாளியின் கண்ணருகே தாங்கிப் பிடிக்கிறது. தலையில் எதையும் மாட்டவேண்டியதில்லை.