மழைக்காலத்தில் புல்வெளியை ஆக்கிரமிக்கும் களைகள்: களைக்கொல்லி இன்றிக் கட்டுப்படுத்துவது எப்படி?

புதுடெல்லி: தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களிலேயே வீட்டுப் புல்வெளிகளின் தோற்றம் மாறிவிடுகிறது. கோடை முழுவதும் நீர் பாய்ச்சிக் காத்த புல்லுக்கு இடையே கோரையும் புளியாரையும் அம்மான் பச்சரிசியும் தலைதூக்குகின்றன. இவற்றை ஒரே நாளில் ஒழித்துவிடலாம் என்று கருதிக் களைக்கொல்லி வாங்கித் தெளிப்பவர்கள் உண்டு. ஆனால், அவற்றுள் சில மருந்துகள் களையோடு புல்லையும் சேர்த்தே கருக்கிவிடுகின்றன. பரவலாக அறியப்பட்ட ஒரு களைக்கொல்லியை வீட்டு உரிமையாளர்கள் தாமாகவே தெளிப்பதற்கு மத்திய அரசு தடையும் விதித்துள்ளது.

களையை அழிப்பதைக் காட்டிலும், அது முளைப்பதற்கான வெற்றிடத்தைப் புல்லைக் கொண்டே நிரப்புவதுதான் நிலையான தீர்வாகும்.

களைகள் உணர்த்தும் செய்தி

மண்ணின் மேலடுக்கில் களை விதைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கின்றன. ஈரமும் வெளிச்சமும் கிடைத்தவுடன் அவை முளைக்கின்றன. அடர்ந்து வளர்ந்த புல் வெளிச்சம் தரையைத் தொடாமல் தடுப்பதால், பெரும்பாலான சிறு விதைகளுக்கு முளைக்கும் வாய்ப்பே அமைவதில்லை. புல் நலிந்து தரை தெரியும் இடங்களில் மட்டுமே களைகள் எளிதாகக் காலூன்றுகின்றன.

எந்தக் களை மிகுதியாக வளர்கிறது என்பதைக் கொண்டு நிலத்தின் குறையை ஓரளவு கணிக்கலாம். கோரை செழித்திருந்தால் அங்கு நீர் தேங்குகிறது அல்லது அளவுக்கு மீறிப் பாய்ச்சப்படுகிறது என்று பொருள். புளியாரை ஈரமும் நிழலும் உள்ள இடத்தை விரும்புகிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு படர்களைகள் பெருகினால், மண்ணில் தழைச்சத்து குறைந்திருக்கக் கூடும். குறையைச் சரிசெய்யாமல் களையை மட்டும் அகற்றினால், அடுத்த மழையில் அதே களை அதே இடத்தில் மீண்டும் முளைக்கும்.

வட இந்தியாவில் இச்சிக்கல் ஆண்டுக்கு இருமுறை எழுகிறது. குளிர்காலத்தில் அருகம்புல் வளர்ச்சி குன்றிப் பழுப்பேறும்போது, குளிரை விரும்பும் வேறு களைகள் அந்த இடைவெளியில் முளைக்கின்றன. எனவே, டெல்லி, சண்டிகர் போன்ற நகரங்களில் மழைக்காலத்துக்கு முன்பும் குளிர்காலத்துக்கு முன்பும் புல்வெளியைக் கவனிப்பது அவசியமாகிறது.

கோரையைப் பிடுங்கினால் மட்டும் போதுமா?

உலகின் மிக மோசமான களைகளுள் ஒன்றாக வேளாண் அறிவியலாளர்கள் கோரையைக் குறிப்பிடுகின்றனர். மண்ணுக்கு அடியில் சங்கிலித் தொடர்போல் அமைந்துள்ள அதன் கிழங்குகளே இதற்குக் காரணம். மேலே உள்ள தாளை இழுத்தால் அது அறுந்து வந்துவிடும். கிழங்கு மண்ணிலேயே தங்கிச் சில நாள்களில் மீண்டும் துளிர்க்கும்.

மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, குறுகிய முனையுள்ள களைக்கொத்தியால் கிழங்கோடு அகழ்ந்து எடுக்க வேண்டும். எடுத்த கிழங்குகளை எருக்குழியில் போடாமல் வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். எஞ்சியவை துளிர்க்கும்போதெல்லாம் தொடர்ந்து அகற்றினால், கிழங்கில் உள்ள சேமிப்பு சிறிது சிறிதாகத் தீர்ந்துவிடும். கோரை நிழலைத் தாங்காது என்பதால், புல் அடர்த்தியாக வளர வளர அதன் வேகமும் குறையும்.

மற்ற களைகளைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிடுவது போதுமானது. பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டுவிடாமல், அன்றே சிறிது மக்கிய உரத்தை இட்டு, வேருள்ள புல்தண்டுகளை ஊன்ற வேண்டும். பலரும் தவறவிடும் இந்த ஒரு பணிதான் மறுபடியும் களை வருவதைத் தடுக்கிறது.

வெட்டும் உயரம், உரம், காற்றோட்டம்

அருகம்புல் வெளியை 2.5 முதல் 4 செ.மீ. உயரத்தில் பராமரிப்பது நல்லது. ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. தரையை ஒட்டி வெட்டினால் அடுத்த சில நாள்களுக்கு வேலை குறையலாம். ஆனால், புல் வலுவிழந்து களைக்கு வழி திறந்துவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, புல் ஈரமின்றி இருக்கும் நேரத்தில், கூரான கத்தியுள்ள இயந்திரத்தால் வெட்டலாம்.

வளர்பருவத்தில் தழைச்சத்துக்காக யூரியா இடுவோர், 100 சதுர மீட்டருக்கு ஒருமுறைக்கு 1 கிலோவுக்கு மிகாமல் சீராகத் தூவி, உடனே நீர் பாய்ச்ச வேண்டும். தொழு உரம் இடுவதாயின் அது முழுமையாக மக்கியிருக்க வேண்டும். மக்காத சாணத்தின் வழியாகவே களை விதைகள் பெருமளவில் தோட்டத்துக்குள் நுழைகின்றன.

நடமாட்டத்தால் இறுகிய மண்ணில் முள்கரண்டி போன்ற கருவியால் 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்து நிரப்பினால் வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்கும். புதிதாகப் புல்வெளி அமைப்பவர்கள், ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரங்கள் மூடி வைக்கலாம். வெயிலின் வெப்பத்தால் பல களை விதைகள் மடிந்துவிடும். ஆயினும் கோரைக் கிழங்குகளை இம்முறை முழுமையாக அழிப்பதில்லை.

தண்ணீர் எவ்வளவு தேவை?

நாள்தோறும் சிறிது சிறிதாக நீர் தெளித்தால் புல்லின் வேர் மேலோட்டமாகவே நின்றுவிடும். மேல்மண்ணில் நீங்காத ஈரம் களைகளுக்கே சாதகமாக அமையும். மழை இல்லாத காலத்தில் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, மொத்தம் 2.5 செ.மீ. அளவுக்கு ஆழமாகப் பாய்ச்சுவது சிறந்தது. இது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 2,500 லிட்டர் ஆகும்.

இந்த அளவு பல நகரங்களுக்குச் சுமையே. கடும் தட்டுப்பாடு நிலவிய 2024 மார்ச் மாதத்தில், தோட்டங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறுவோருக்கு ரூ.5,000 அபராதம் அறிவித்தது. நன்கு வேரூன்றிய அருகம்புல் கோடையில் காய்ந்ததுபோல் தோன்றினாலும், மண்ணுக்கடியில் உள்ள தண்டுகளிலிருந்து மழை வந்தவுடன் மீண்டும் தழைக்கும். ஆகவே, தட்டுப்பாட்டுக் காலத்தில் புல் பழுப்பேறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

களைக்கொல்லியில் எச்சரிக்கை

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி, புல்லையும் களையையும் வேறுபடுத்தாமல் அழிக்கக் கூடியது. உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2015-ஆம் ஆண்டில் இதனை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது.

பாராகுவாட் இன்னும் ஆபத்தானது. அதை விழுங்கியவர்களுக்கு அளிக்க மாற்று மருந்து எதுவும் இல்லை. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி காற்றில் பரவினால், அருகில் உள்ள தக்காளி, திராட்சை போன்ற பயிர்கள் கருகக் கூடும். எந்த மருந்தையும் குடிநீர், குளிர்பான புட்டிகளில் ஊற்றி வைக்கவே கூடாது. வீட்டு வைத்தியமாகச் சிலர் பரிந்துரைக்கும் உப்புநீர் மண்ணையே உவராக்கி, பின்னர் புல்லும் முளைக்காதபடி செய்துவிடும்.

வேலியோரப் பார்த்தீனியம்

புல்வெளியின் ஓரத்திலும் பக்கத்துக் காலிமனையிலும் வளரும் பார்த்தீனியத்துக்குத் தனிக் கவனம் தேவை. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்ட இச்செடி, பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளைத் தரும். இது தோல் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது. ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரத்தை நடத்துகிறது. மண் ஈரமாக உள்ளபோது, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பூப்பதற்கு முன்பே வேரோடு அகற்றுவது பாதுகாப்பானது. ஒவ்வாமை உள்ளவர்கள் இப்பணியைத் தவிர்க்க வேண்டும்.

வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, முளைத்த களைகளைப் பிடுங்கி, வெறுமையான இடங்களில் புல்லை ஊன்றி வந்தால், ஒன்றிரண்டு பருவங்களில் களைகள் கட்டுக்குள் வந்துவிடும். அதன் பிறகு களைக்கொல்லிப் புட்டியைத் தேட வேண்டிய தேவை பெரும்பாலான வீடுகளில் எழாது.